கடைசிப் பதினாறு பக்கங்கள்

ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை, பகல் பதினொரு மணிக்கு, சாலை முடிகிற இடத்தில் காரை நிறுத்திவிட்டு சிசெல் பிரெக்கெயும் அவள் கணவன் ஓட்வாரும் சறுக்குப் பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு பனியில் ஏற ஆரம்பித்தார்கள். மூன்று கிலோமீட்டர் ஏற்றம். ஓட்வாரின் இடுப்புக் கயிற்றில் ஒரு சறுக்கு வண்டி பின்னால் வந்துகொண்டிருந்தது. அதில் இரண்டு டஜன் ஆரஞ்சு, ரொட்டி, பழுப்புப் பாலாடைக்கட்டி, சாக்லேட், அப்புறம் மடித்துக் கட்டிய காலி அட்டைப்பெட்டிகள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

நார்வேயில் ஈஸ்டர் வந்தால் ஊரே மலைக்கு ஏறிவிடும். ஏறும்போது ஆளுக்கு நாலு கொலையைப் பையில் போட்டுக்கொண்டு போகும். ஏசு உயிர்த்தெழுகிற வாரத்தில் இவர்களுக்கு எதற்கு இத்தனை பிணம் என்று கேட்டால் யாரிடமும் ஒழுங்கான பதில் கிடையாது. பால் பெட்டியின் பக்கவாட்டில்கூட ஒரு குட்டிக் கொலைக் கதை அச்சடித்திருப்பார்கள். காலைக் காப்பிக்குப் பால் ஊற்றும்போதே யார் யாரைக் கொன்றான் என்று யோசிக்க வேண்டியதுதான்.

எந்தக் கொலையை எடுத்துப்போவது என்று அந்தப் பள்ளத்தாக்குக்குச் சொல்கிற வேலை இருபத்திரண்டு வருஷமாக சிசெலுடையது. உள்ளூர்ப் பத்திரிகையில் ஈஸ்டருக்கு இரண்டு வாரம் முன்னால் அவள் பத்தி வரும். புதிதாக வந்த பத்துத் துப்பறியும் நாவல்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தாயக்கட்டைப் படம். ஆறு புள்ளி என்றால் ஓடிப்போய் வாங்கு, ஒரு புள்ளி என்றால் அடுப்பெரிக்க ஆகும். ஜனங்கள் பத்தியைக் கத்தரித்துக்கொண்டு புத்தகக் கடைக்கு வருவார்கள். மருந்துச் சீட்டு மாதிரி நீட்டுவார்கள்.

போன வருஷம் பத்தாவது புத்தகத்தை அவள் படிக்கவில்லை.

முழுசாகப் படிக்கவில்லை என்று அவள் மனசாட்சி கொஞ்சம் நயமாகச் சொல்லும். அறுபது பக்கம் படித்தாள். காய்ச்சல் வந்தது, பத்தி கொடுக்க வேண்டிய நாளும் வந்தது. பின்னட்டையை இரண்டு தரம் படித்துவிட்டு ஆறு புள்ளி போட்டாள். "கடைசிப் பக்கம் வரை கீழே வைக்க முடியாது" என்று எழுதினாள், அறுபதாம் பக்கத்தில் கீழே வைத்த புத்தகத்தைப் பற்றி. இந்தத் தொழிலில் இது ஊர் அறியாத சங்கதி அல்ல. இதனால் யாரும் செத்துவிடப்போவதில்லை என்று நினைத்தாள்.

ஹல்வோர் செத்துப்போனார்.

எழுபத்துநாலு வயசு. மனைவி போன பிறகு ஒவ்வொரு ஈஸ்டருக்கும் தனியாக மலைக்குடிலுக்கு வருகிறவர். சிசெல் சொன்ன பத்தையும் வாங்கி, பத்தையும் படித்து, கடைத்தெருவில் அவளைப் பார்த்தால் நிறுத்திச் சண்டை போடுகிறவர். போன வருஷம் ஈஸ்டர் சனிக்கிழமை காலை, குடிலுக்குப் பின்னால் போனுக்கு சிக்னல் கிடைக்கிற ஒரே மேட்டில் ஏறி நின்றுகொண்டு அவளைக் கூப்பிட்டார்.

"சிசெல் பிரெக்கெ, ஹல்வோர் பேசறேன். இந்தப் பத்தாவது புத்தகத்துல கடைசிப் பதினாறு பக்கம் இல்ல. அதுக்கு முந்தின பதினாறையே ரெண்டு தடவ தெச்சு வெச்சிருக்கானுங்க. யாரு செஞ்சது? சொல்லிடுங்க. இல்லன்னா இன்னிக்கு எனக்குச் சாப்பாடு எறங்காது."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. அவளோ சிரித்தாள்.

"அத சொன்னா பாவம் ஹல்வோர். அந்த முடிவ நீங்களே படிச்சாத்தான் ருசி. கடை ரெண்டு மணி வரைக்கும் இருக்கும், நல்லதா ஒண்ணு மாத்திக்குங்க."

"காத்து ஒரு தினுசா இருக்கும்மா."

"காத்துக்கு நீங்க பயப்படறதா? உங்களப் பாத்துத்தான் காத்து பயப்படும்."

அந்தப் பக்கம் அவரும் சிரித்தார்.

"அதுவும் சரிதான். போயிட்டு வந்துடறேன்."

போனார். கடைக்கார அம்மாள் பூட்டப் போகிற நேரத்தில் புத்தகத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பவும் மலை ஏறினார். மே மாதக் கடைசியில் பனி இளகியபோதுதான், குடிலுக்கு நானூறு மீட்டர் கீழே, ஓடைப் பள்ளத்தில் அவரைக் கண்டார்கள். பை முதுகிலேயே இருந்தது. மேலே குடிலில் இருக்கிற அதே புத்தகத்தை இன்னொரு தரம் வாங்க இந்த மனுஷன் புயலில் ஏன் இறங்கி வந்தார் என்று ஊர் முழுக்கப் பேசினார்கள். வயசாச்சு, மறதி என்று முடித்துக்கொண்டார்கள். சிசெல் எதுவும் சொல்லவில்லை.

அப்படி இருக்கும்போது அவள் ஏன் அந்தக் குடிலுக்கு ஏற வேண்டும்?

ஹல்வோரின் மகள் ஆஸ்தா புத்தகக் கடையில், ஆறு பேர் முன்னால் கேட்டுவிட்டாள். "குடிலை விக்கப் போறோம் சிசெல். அப்பா புத்தகமெல்லாம் மேல கெடக்கு, எல்லாம் நீங்க சொல்லி வாங்கினது. ஈஸ்டருக்கு நீங்க ரெண்டு பேரும் போய்த் தங்குங்க. வேணுங்கறத எடுத்துக்கிட்டு மிச்சத்தப் பெட்டியில போட்டுக் குடுங்க, பள்ளிக்கூடச் சந்தைக்குப் போகட்டும்."

மாட்டேன் என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் இன்னொரு நினைப்பு முந்திக்கொண்டது. ஹல்வோர் பென்சில் இல்லாமல் படிக்க மாட்டார், கடைசிப் பக்கத்தில் எதையாவது கிறுக்காமல் மூட மாட்டார். அந்தப் பழுதான பிரதியில் என்ன எழுதியிருக்கிறாரோ. வேறு யாராவது திறந்து பார்ப்பதற்கு முன்னால் அது அவள் கைக்கு வந்தாக வேண்டும். இருபத்திரண்டு வருஷத்துப் பெயர் அதில் மாட்டிக்கொண்டிருந்தது.

குடிலின் கதவைத் திறந்ததும் ஈரக் கம்பளி வாசனை அடித்தது.

ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடந்த இடத்தில் தூசி வாசனை அடிக்கலாம், எலி வாசனை அடிக்கலாம். இது இப்போதுதான் யாரோ பனியிலிருந்து உள்ளே வந்து கையுறையைக் கழற்றி அடுப்புப் பக்கம் போட்ட வாசனை. சிசெல் வாசலிலேயே நின்றாள். ஓட்வார் அவளைத் தாண்டிப் போய் அடுப்பைத் திறந்து, விறகை அடுக்கிப் பற்ற வைத்தான்.

"கூரையில எங்கயோ ஒழுகுது," என்றான். அவன் குழாய் வேலைக்காரன். எந்த வாசனைக்கும் அவனிடம் ஒரு ஒழுகல் தயாராக இருக்கும்.

ஒரு சுவர் முழுக்கப் புத்தகம். வருஷவாரியாக, அவள் பத்தியில் வந்த அதே வரிசையில். ஓட்வார் தண்ணீருக்குப் பனி அள்ளப் போன நேரத்தில் அவள் ஒன்றிரண்டை எடுத்துப் பிரித்தாள். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு தாயக்கட்டை வரைந்து, கீழே அவளுக்கென்றே எழுதியிருந்தார் கிழவர். "சிசெல் பிரெக்கெ, நீங்க அஞ்சு போட்டிருக்கீங்க. நான் ரெண்டுக்கு மேல தர மாட்டேன். மருமகன்தான்னு தொண்ணூறாம் பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு." இன்னொன்றில், "இது உண்மையிலேயே ஆறு. ராத்திரி வெளியே கக்கூசுக்குப் போகப் பயந்து அடக்கிக்கிட்டுக் கெடந்தேன்." அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த மனுஷன் தன்னோடு இருபத்திரண்டு வருஷம் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார், தனக்குத் தெரியவே இல்லை என்று நினைத்தாள். அவளுக்கு அவமானமாக இருந்தது.

போன வருஷத்து வரிசையின் கோடியில் பத்தாவது புத்தகம் இருந்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். தாயக்கட்டை இல்லை. நாலு வரிதான்.

"முடிவு இல்லை. சிசெல் பிரெக்கெயைக் கேட்டேன். சொல்ல மாட்டார்களாம். கடைக்குப் போகச் சொன்னார்கள். காற்று பலமாக இருக்கிறது. போகிறேன்."

அடுப்புக் கதவைத் திறந்து புத்தகத்தை உள்ளே தள்ளினாள். அட்டை சுருண்டு நீலமாக எரிந்தது. பக்கங்கள் ஒவ்வொன்றாகக் கறுத்துப் புரண்டன. யாரோ அவசரமாகப் புரட்டிப் படிப்பதுபோல் இருந்தது. கடைசித் தாள் சாம்பலாகிற வரைக்கும் பார்த்திருந்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். ஓட்வார் வாளியோடு உள்ளே வந்தபோது அவள் பெட்டிக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை நல்ல வெயில். சுவருக்கு வெளிப்பக்கம் பனியை வெட்டித் திண்டு மாதிரி செய்து, அதில் மான்தோலைப் போட்டு ஓட்வார் உட்கார்ந்திருந்தான். மதியத்துக்கு ரொட்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்த சிசெல், தட்டைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

ஓட்வார் படித்துக்கொண்டிருந்தான்.

முப்பது வருஷக் கல்யாணத்தில் அவன் கையில் அவள் பார்த்தது கொதிகலன் கையேடு ஒன்றுதான். "ஊர்ல சாகறவனையே என்னால ஞாபகம் வெச்சுக்க முடியல, இதுல புத்தகத்துல சாகறவன் வேறயா" என்று கேலி பேசுகிறவன். இப்போது மூக்கு பக்கத்தில் படுகிற மாதிரி குனிந்திருந்தான். காதில் ஒரு பென்சில் செருகியிருந்தது.

"என்ன படிக்கற?"

அவன் நிமிராமல் அட்டையைத் தூக்கிக் காட்டினான்.

அதே அட்டை. ஓரம்கூடக் கருகவில்லை.

"எங்க கெடச்சுது?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"ஜன்னல்கிட்ட நாற்காலியில கவுத்து வெச்சிருந்தது. நீதானே வெச்ச?" ஒரு பக்கம் திருப்பினான். "சும்மா சொல்லக்கூடாது, நீ ஆறு போட்டது சரிதான். கீழ வைக்க முடியல."

உள்ளே ஓடிப்போய், வெயிலுக்கு அணையவிட்டிருந்த அடுப்பைத் திறந்து கிளறினாள். புகைப்போக்கியின் இரும்புத் தகடு வரைக்கும் கையை விட்டுப் பார்த்தாள். சாம்பல் இருந்தது, காகிதச் சாம்பல். கை முழங்கை வரை கறுத்ததுதான் மிச்சம். ஒருவேளை கிழவர் இரண்டு பிரதி வைத்திருந்தாரோ? அப்படித்தான் இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு கை கழுவினாள்.

அவன் ரொட்டியைத் தொடவில்லை. சாயங்காலம் வெயில் போன பிறகும் வெளியிலேயே உட்கார்ந்திருந்தான். உள்ளே வரச் சொன்னபோது வந்தான், ஜன்னல் பக்க நாற்காலியில் உட்கார்ந்தான், மறுபடி படித்தான். இடையில் பென்சிலை எடுத்து ஓரத்தில் ஏதோ குறித்தான். அவள் போய் எட்டிப் பார்க்கத் துணியவில்லை.

சனிக்கிழமை காலையில் ஜன்னலில் எதுவும் இல்லை.

மலை இல்லை, வானம் இல்லை, பத்தடி தள்ளி இருக்கிற விறகுக் கொட்டகை இல்லை. அச்சடிக்காத தாள் மாதிரி வெள்ளை, வெள்ளைக்குப் பின்னால் வெள்ளை. காற்று மட்டும் கூரையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. இந்த மாதிரி நாளில் மலைக்காரர்கள் கக்கூசுக்குக்கூட இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டுதான் போவார்கள். போன வருஷமும் இதே சனிக்கிழமை, இதே வெள்ளை.

ஓட்வார் புத்தகத்தை மூடினான்.

"சிசெல் பிரெக்கெ."

கல்யாணப் பதிவு அலுவலகத்துக்குப் பிறகு அவன் அவளை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

"கடைசிப் பதினாறு பக்கம் இல்ல," என்றான். "அதுக்கு முந்தின பதினாறையே ரெண்டு தடவ தெச்சு வெச்சிருக்கானுங்க. யாரு செஞ்சது?"

ஈரக் கம்பளி வாசனை திரும்பவும் வந்தது.

"ஓட்வார், நீ கொஞ்சம் காப்பி குடி."

"யாரு செஞ்சது?"

"அப்புறம் பேசிக்கலாம்."

"சரி." எழுந்தான். "கடை ரெண்டு மணி வரைக்கும் இருக்கும். போயிட்டு வந்துடறேன்."

அவன் சொல்லி முடிப்பதற்குள் ஒரு காலில் காலணி ஏறிவிட்டது. கோட்டை மாட்டவில்லை. கையுறையைத் தேடவில்லை. சட்டையோடு, கொதிக்கிற வீட்டிலிருந்து தோட்டத்துக்கு இறங்குகிறவன் மாதிரி கதவுப் பக்கம் வந்தான். சிசெல் ஓடிப்போய்க் கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள்.

"வெளிய பாரு. செத்துடுவ."

"காத்துக்கு நான் பயப்படறதா?"

அது அவளே போனில் ஹல்வோரிடம் சொன்னது. அந்தப் பேச்சை அவள் யாரிடமும் சொன்னதில்லை. புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

உண்மை நாக்கு நுனியில் இருந்தது. நான் படிக்கவில்லை, எனக்குத் தெரியாது. அதைச் சொன்னால் இவன் நிற்பான் என்று அவளுக்கு எப்படியோ புரிந்தது. ஆனால் ஓட்வார் வயிற்றில் எதுவும் தங்காது. திங்கட்கிழமை ஆஸ்தா வீட்டில் காப்பிக் கோப்பை காலியாவதற்குள் எல்லாம் வெளியே வந்துவிடும். எதிர்ச்சுவரில் இருநூற்றுச் சொச்சம் புத்தகம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"டாக்டரோட பொண்டாட்டி," என்றாள்.

அவன் கை தாழ்ப்பாளில் நின்றது.

"ஏன்?"

அவள் சொன்னாள். அறுபது பக்கத்தில் பார்த்த நாலைந்து பேரை வைத்துக்கொண்டு ஒரு முடிவைக் கட்டினாள். அறுநூறு கொலைக் கதை படித்தவள், அவளுக்கு அது பெரிய வேலை இல்லை. பழைய கடிதம் ஒன்று, படகுத்துறையில் மாறிப்போன சாவி, விஷம் வைத்த தேன். சொல்லச் சொல்ல அவளுக்கே அது பிடித்துக்கூடப் போனது. ஓட்வார் தலையைச் சாய்த்துக் கேட்டான். அவள் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. தோளுக்குப் பின்னால் யாரோ நிற்க, அவரும் கேட்கட்டும் என்று இடம் விட்டவன் மாதிரி சற்று விலகி நின்றிருந்தான்.

"சரி," என்றான் கடைசியில். போய் நாற்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்த மறு நிமிஷம் தூங்கிப்போனான்.

அப்போதுதான் வெளியே கேட்டது.

டக். டக்.

சறுக்குப் பலகை இரண்டையும் ஒன்றோடொன்று தட்டிப் பனியை உதறுகிற சத்தம். அப்புறம் சுவரை ஒட்டியே ஒரு நீளமான உரசல், நிதானமாக, கீழ்ப் பக்கமாகப் போய்க் காற்றில் கலந்தது.

ஓட்வார் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் வந்தது. ஓட்வார் பசியோடு எழுந்து நாலு முட்டை தின்றான். புத்தகம் பற்றிக் கேட்டதற்கு, "நானா? புத்தகமா? உனக்குக் காய்ச்சலா?" என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். நாற்காலியில் புத்தகம் இல்லை, பெட்டிகளிலும் இல்லை. சிசெல் தேடுவதை நிறுத்தினாள். தப்பித்தோம் என்று நினைத்தாள். பொய் சொல்லித்தான் தப்பித்தோம் என்பது உறுத்தியது, ஆனாலும் புருஷன் உயிரோடு இருந்தான், பெயர் பத்திரமாக இருந்தது. அன்று அவள் ஆரஞ்சை உரித்து வெயிலில் உட்கார்ந்து தின்றாள்.

திங்கட்கிழமை காலை குடிலைப் பெருக்கிப் பூட்டிக்கொண்டு இறங்கினார்கள். சாலை முடிகிற இடத்துக்குச் சற்று மேலே, சரிவில் இருக்கிற கடைசி வீடு ஆஸ்தாவுடையது. ஓட்வார் பெட்டிகளைக் காரில் ஏற்றுகிறேன் என்று வெளியே நின்றுவிட்டான். சிசெல் காலணியைக் கழற்றி வாசலில் விட்டு, கம்பளிக் காலுறையோடு சமையலறைக்குப் போய்ச் சாவியை மேஜைமேல் வைத்தாள். ஆஸ்தா காப்பி ஊற்றினாள்.

"ரொம்ப உபகாரம் சிசெல். எனக்கு அங்க போக மனசே வரல." கொஞ்ச நேரம் கோப்பையைத் திருப்பிக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போய், அலமாரியிலிருந்து மூடி ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தாள். "இது அப்பா பையில இருந்தது. போலீஸ்காரங்க ஜூன்லயே குடுத்துட்டாங்க. நான் பிரிக்கவே இல்ல. நீங்க சொன்ன புத்தகம்தானே, நீங்களே வெச்சுக்கணும்னு தோணுச்சு."

"வேண்டாம்மா. உன்கிட்டயே இருக்கட்டும்."

"அவரு ஆசப்பட்டிருப்பாரு."

ஆஸ்தாவே கத்தரிக்கோலால் உறையை வெட்டினாள். உருகின பனியில் ஊறி, காய்ந்து, புத்தகம் இரண்டு மடங்கு பருத்திருந்தது. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல் மாதிரி ஆகிவிட்டன. யார் செய்தது என்று அதற்குள்தான் இருந்தது, இனி யாராலும் பிரிக்க முடியாது. இதை முதுகில் சுமந்துகொண்டுதான் கிழவர் பள்ளத்தில் கிடந்திருக்கிறார் என்று நினைத்தபோது சிசெலுக்கு அழுகை வந்தது. அது உண்மையான அழுகை.

பின்னட்டைக்கு முந்தின வெற்றுத் தாள் மட்டும் தனியாக வந்தது. அது உலர்ந்து வெள்ளையாக இருந்தது. நடுவில் பென்சிலால் ஒரு வரி.

"அப்பா கையெழுத்து," என்றாள் ஆஸ்தா மெதுவாக. வாசித்தாள். "'டாக்டர் மனைவி இல்லை, சிசெல் பிரெக்கெ. திரும்பச் சொல்லுங்கள்.'"

ஆஸ்தா கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள். விரலில் கரி ஒட்டியிருந்தது, இப்போதுதான் எழுதின எழுத்தைத் தொட்டமாதிரி.

"இதுக்கு என்ன அர்த்தம்? அப்பா உங்ககிட்ட எதையாவது கேட்டாரா?"

"தெரியலம்மா," என்றாள் சிசெல். "எங்களுக்குள்ள ஏதோ பழைய வெளையாட்டா இருக்கும்."

சொல்லிவிட்டு, ஆஸ்தாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

காரின் பின்கதவு திறந்தபடி கிடந்தது. பெட்டி ஒன்று கவிழ்ந்து புத்தகங்கள் பனியில் சிதறியிருந்தன. ஓட்வார் அங்கே இல்லை. அவன் சறுக்குப் பலகை மாட்டிக்கொண்டு, கோட்டு இல்லாமல், வெறும் சட்டையோடு, ஓடைப் பள்ளத்தைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தான். மேலே மலையின் தலையில் வெள்ளை இறங்க ஆரம்பித்திருந்தது.

அவன் பின்னால் இரண்டு சோடித் தடங்கள் இருந்தன.

ஒன்று அவனுடையது. மற்றது அதற்கு ஒரு முழம் தள்ளி, அவனுக்குச் சரிசமமாக, புதுப் பனியைக் கீறிக்கொண்டு தானாக நீண்டது.

சிசெல் காலுறையோடு வெளியே ஓடினாள். "ஓட்வார்," என்று கத்தினாள். மூன்று தரம் கத்தினாள். அவன் திரும்பவில்லை, வேகமும் குறையவில்லை. பனி முழங்கால் வரை இழுத்தது. அவளால் பிடிக்க முடியாது என்பது பத்தாவது அடியிலேயே தெரிந்துவிட்டது.

அப்போதுதான் வந்தது, ஒரு வருஷமாக வராத வார்த்தை.

"நான் அந்தப் புத்தகத்தப் படிக்கல." நெஞ்சைக் கிழித்துக்கொண்டு வந்தது. சரிவு முழுக்க எதிரொலித்தது. "அறுபது பக்கம்தான் படிச்சேன். யாரு செஞ்சதுன்னு எனக்குத் தெரியாது, ஹல்வோர். எனக்குத் தெரியவே தெரியாது."

ஓட்வார் நின்றான். கயிறு அறுந்ததுபோல் அப்படியே பனியில் உட்கார்ந்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நடுங்கிக்கொண்டு கைகளைச் சட்டைக்குள் மடக்கிக்கொண்டான்.

மற்றத் தடம் நிற்கவில்லை.

அவனைத் தாண்டி இரண்டு ஆள் நீளம் ஏறியது. நிதானமாக வளைந்தது. கீழே வர ஆரம்பித்தது. பனி இரண்டு கோடாக மெல்லப் பிளந்து, அவசரமில்லாமல், நேராக அவளைப் பார்த்து இறங்கி, அவள் ஈரக் காலுறைக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. ஈரக் கம்பளி வாசனை முகத்தில் அடித்தது. அவள் தலையை நிமிர்த்தவில்லை.

பின்னால் வாசற்படியில் ஆஸ்தா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"அன்னிக்கு அப்பா உங்களுக்குப் போன் பண்ணாரு," என்றாள். அதில் கேள்வி இல்லை. கொஞ்சம் கழித்துத்தான் கேள்வி வந்தது, மிகவும் தணிந்த குரலில். "அவருகிட்ட நீங்க என்ன சொன்னீங்க, சிசெல்?"

காற்று நின்றிருந்தது. முன்னால் தடம் அசையவில்லை. பின்னால் ஆஸ்தா அசையவில்லை. இரண்டு பேருமே பதிலுக்குக் காத்திருந்தார்கள்.